பழைய எம்எக்ஸ்-5, ட்ராக்குக்கு முதல்ல எதை மாத்தணும்?

மார்ச் 2, கேள்வி

மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1991 மாடல், 1.6 இன்ஜின். இப்பதான் கைக்கு வந்துச்சு. இன்ஜின் சத்தமே இல்லாம ஓடுது, அதனால மத்ததைப் பத்தி பெருசா கவலைப்படல. ட்ராக் டேக்கு (ரேஸ் ட்ராக்ல சொந்த வண்டியை ஓட்டுற நாள்) எடுத்துட்டுப் போகணும். முதல்ல பவர் ஏத்தற டர்போ கிட் போடறதா, காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்ப்ரிங்-ஷாக் செட்) போடறதா? இந்தப் பவர் ட்ராக்குக்கு பத்தவே பத்தாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

மார்ச் 2, ராத்திரி, பதில்

ரெண்டும் இப்ப வேண்டாம். பிரேக் ஆயிலை மாத்துங்க, பேடை மாத்துங்க, ரேடியேட்டரை ஒரு தடவை நல்லா உத்துப் பாருங்க. இதே வண்டி 1.6 தான் நானும் வச்சிருக்கேன், பல வருஷமா ட்ராக்ல ஓட்டுறேன், பவர் பத்தலன்னு ஒரு நாளும் வீட்டுக்குத் திரும்பினதில்ல. சூடு தாங்காம திரும்பினவங்களைத்தான் நிறைய பாத்திருக்கேன்.

மார்ச் 3

நேத்து சுருக்கமா போட்டுட்டேன், காரணம் சொல்றேன். ஆளும் பெட்ரோலும் சேர்த்து வண்டி 1,100 கிலோன்னு வச்சுக்கோங்க. ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துல 160ல இருந்து 80க்கு இறக்குறீங்க. அந்த ஒரே மிதியில கிட்டத்தட்ட 8 லட்சம் ஜூல் பிரேக்ல சூடா மாறணும். அதுல 70 சதவீதம் முன்னாடி போகுதுன்னு எடுத்துக்கிட்டு, ஒரு டிஸ்க் 4 கிலோன்னு கணக்குப் போட்டா ஒரு மிதிக்கு சுமார் 150 டிகிரி ஏறுது. அடுத்த வளைவு வரதுக்குள்ள கொஞ்சம் ஆறும், ஆனா முழுசா ஆறாது, திரும்ப மிதிப்பீங்க. ரோட்ல நீங்க இப்படி ஒரு நிமிஷத்துக்கு நாலு தடவை மிதிக்கிறதே கிடையாது, அதனால ரோட்ல நல்லா பிடிக்கிற பிரேக் ட்ராக்லயும் பிடிக்கும்னு நம்பிடாதீங்க.

இந்த சூடு டிஸ்க்ல இருந்து பேடுக்கு, பேடுல இருந்து பிஸ்டனுக்கு, அங்க இருந்து ஆயிலுக்கு வரும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காம நிக்கணும்ங்கிறது விதி. ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஈரம் ஏறின ஆயிலுக்கு அதே விதி கேக்கறது 155 டிகிரி தான். டாட் 5.1க்கு இந்த ரெண்டு நம்பரும் 260, 180. டாட் 5ன்னு மட்டும் போட்டிருக்கிறது சிலிக்கான், அது வேற சாதி ஆயில், இந்த வண்டிக்கு அதை ஊத்தவே கூடாது. பழைய ஓனர் எப்ப மாத்தினார்னு தெரியலன்னா மாத்தவே இல்லன்னு வச்சுக்கோங்க. ரிசர்வாயர் மூடியைத் திறந்து டீசல் கலர்ல இருந்தா சந்தேகமே வேண்டாம்.

மார்ச் 3, கொஞ்சம் கழிச்சு

ஒண்ணு விட்டுப்போச்சு. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, அழுத்துறீங்க, வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா பேடு சூடு தாங்காம போயிடுச்சு. பெடல் மெத்துன்னு ஆகி தரை வரைக்கும் போகுதுன்னா ஆயில் கொதிச்சு உள்ள குமிழி வந்துடுச்சு. இது ரெண்டையும் கால்லயே பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா வைத்தியம் வேற வேற. ரெண்டுலயும் அந்த லேப்போட நிறுத்திடணும், அதுல பேச்சே இல்ல.

மார்ச் 5

ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். ஓட்டையைச் சுத்தி சின்னச் சின்ன கீறல் விழுந்து ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும். சாதாரண பிளெயின் டிஸ்க், நல்ல ட்ராக் பேட், இது போதும். 1.6க்கு முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், பின்னாடி வந்த 1.8க்கு 255. அந்த 1.8 செட்டை அப்படியே எடுத்து மாட்டலாம், ஆனா காலிப்பர் (பேடைப் பிடிச்சு அழுத்தற பாகம்) பிராக்கெட்டும் சேர்த்து எடுக்கணும், அது பின்னாடி பாத்துக்கலாம்.

பின் காலிப்பர்ல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதுல பேடு தேஞ்சா தானா சரியா அட்ஜஸ்ட் ஆகும்னு நம்பி விட்டுடுவாங்க. புது பேடு போட்டதும் காலிப்பர் பின்பக்கம் ஒரு மூடி போல்ட் இருக்கும், அதைக் கழட்டினா உள்ள 4 எம்எம் ஆலன் கீ போற இடம் இருக்கு. வீல் இறுகற வரைக்கும் திருகிட்டு, லேசா பின்னாடி விடணும், வீல் கையால சுத்தினா உரசாம சுத்தணும். இது செய்யலன்னா ஹேண்ட்பிரேக் லிவர் வானத்தைப் பாத்து நிக்கும், பெடலும் நீளமாப் போகும். அப்புறம் ஆயில்ல காத்து இருக்குன்னு நினைச்சு திரும்பத் திரும்ப ப்ளீட் பண்ணிட்டே இருப்பீங்க.

மார்ச் 5

ஆமா, செஷன் முடிஞ்சு வந்து நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க. கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

மார்ச் 9

இன்னைக்கு கூலிங் பத்தி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நீளமாப் போகும்.

பானெட்டைத் திறந்து ரேடியேட்டரோட மேல் டேங்கைப் பாருங்க. பிளாஸ்டிக். புதுசுல கருப்பு. வயசாக ஆக பழுப்பாகும், சில வண்டில பாசி கலந்த பழுப்பு. அந்தக் கலர் வந்துட்டா பிளாஸ்டிக் செத்துப்போச்சுன்னு அர்த்தம், மேல் பக்கமா அலுமினியத்தோட மடிச்சுப் பிடிச்சிருக்கிற தையல் ஓரத்துலதான் பிளக்கும். ரோட்ல பல வருஷம் கூட அப்படியே ஓடும். ட்ராக்ல சூடும் பிரஷரும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு நாள் ஆவியா கக்கிடும், உங்க கூலண்ட் (ரேடியேட்டர்ல ஓடற திரவம்) மத்தவங்க டயருக்கு அடியில போகும். பழுப்பா இருந்தா பேசாம மாத்திடுங்க, கூடவே எல்லா ஹோஸும், தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பாத்து தண்ணி வழியைத் திறக்கிற வால்வு), மூடியும். மூடியை யாரும் மதிக்கறதே இல்ல. உள்ள பிரஷர் நின்னாத்தான் தண்ணி 100 டிகிரிக்கு மேல போயும் கொதிக்காம இருக்கும், ஸ்ப்ரிங் தளர்ந்த மூடி அந்தப் பிரஷரை விட்டுடும்.

அடுத்தது இந்த இன்ஜினோட தண்ணி வழி. இது மாஸ்டா 323ல குறுக்கா உக்காந்திருந்த இன்ஜின். அங்க தண்ணி ஒரு முனையில பம்ப் வழியா உள்ள வந்து, நாலு சிலிண்டரையும் தாண்டி மறு முனையில வெளிய போகும். எம்எக்ஸ்-5ல அதையே நீளவாக்குல திருப்பி வச்சப்ப அந்த மறு முனை ஃபயர்வாலுக்குப் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) பக்கத்துல மாட்டிக்கிச்சு, அதனால வெளிய போற வாயையும் தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கமே கொண்டுவந்துட்டாங்க. விளைவு என்னன்னா தண்ணி முன்னாடியே வந்து பெரும்பகுதி முன்னாடியே போயிடுது, கடைசி சிலிண்டர் பக்கம் ஹீட்டருக்குப் போற தண்ணியை நம்பித்தான் இருக்கு. ரோட்டுக்கு இது தாராளம். ட்ராக்ல நாலாவது சிலிண்டர் மத்ததை விட சூடா ஓடும். இதுக்குத்தான் ரீரூட்னு ஒண்ணு பண்றாங்க, தெர்மோஸ்டாட்டை இன்ஜின் தலையோட (சிலிண்டர் ஹெட்) பின்பக்கம் கொண்டுபோறது. கழுத்து ஒடியற வேலை, கை நுழையாத இடம், ஆனா முடிச்சதும் வண்டி மாறிடும்.

இப்ப உங்களுக்கு அது தேவையான்னா, இல்ல. பவர் ஏத்தாத 1.6க்கு நல்ல ரேடியேட்டர், புது கூலண்ட், இது போதும்.

மார்ச் 9, ராத்திரி

மேல சொன்னதுல கடைசி வரியை திரும்ப யோசிச்சேன். "தேவையில்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கு உண்மையான சூடு என்னன்னு தெரியணும். டாஷ்போர்டு ஊசியை நம்பாதீங்க, அது நடுவுல நிக்கறதுக்குன்னே செஞ்சது, நிஜமா சூடு ஏறி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அசையும். தனியா ஒரு கூலண்ட் சூடு காட்டுற கேஜ் மாட்டுங்க. எந்த பார்ட் வாங்கறதுக்கு முன்னாடியும் இது வேணும், ஏன்னா அந்த நம்பர் தெரிஞ்சாத்தான் ரீரூட் வேணுமா வேண்டாமான்னே சொல்ல முடியும். உங்களது 1991ங்கிறதால ஆயில் பிரஷர் கேஜ் நிஜ கேஜ், அந்த ஒரு விதத்துல அதிர்ஷ்டம். 1995ல இருந்து அது வெறும் சுவிட்ச், பிரஷர் இருக்கு இல்லன்னு மட்டும் காட்டும், ஊசி சும்மா ஒரே இடத்துல நிக்கும்.

மார்ச் 10

ரேடியேட்டருக்கு கீழ ஒரு பிளாஸ்டிக் தகடு வரும், அண்டர்ட்ரே. உங்க வண்டில இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. இன்ஜின் ஆயில் மாத்தும்போது கழட்டிட்டு திரும்ப மாட்டாம விட்ட வண்டிதான் பாதிக்கு மேல. அது இல்லன்னா காத்து ரேடியேட்டர் வழியா போகாம கீழ நழுவிடும்.

மார்ச் 16

"இன்ஜின் நல்லா ஓடுது"ன்னு எழுதினீங்கல்ல, அதுக்கு வரேன். ரெண்டு இடம் பாருங்க.

ஒண்ணு, முன் பக்க கிராங்க் புல்லி. ஆரம்பத்துல வந்த 1.6கள்ல கிராங்கோட மூக்கு குட்டை. போல்ட் சரியா இறுகலன்னா சாவி (புல்லியை கிராங்கோட பூட்டுற சின்ன இரும்புத் துண்டு) உக்கார்ற காடி தேஞ்சு புல்லி ஆட ஆரம்பிக்கும், டைமிங் தள்ளிப்போகும், பவர் போகும், கடைசில கிராங்கே போகும். 1991ல தான் நீள மூக்குக்கு மாத்தினாங்க, அதனால உங்க வண்டி எந்தப் பக்கம்னு மாடல் வருஷத்தை வச்சு சொல்ல முடியாது. புல்லியை முன்னாடி இருந்து பாத்து காடியை எண்ணுங்க. 4 காடி இருந்தா குட்டை மூக்கு, 8 இருந்தா நீளம். குட்டையா இருந்தா பதறவேண்டாம், ஆடாம இருக்கிற வரைக்கும் அது நல்ல இன்ஜின்தான். டைமிங் பெல்ட் மாத்தும்போது அந்த போல்ட்டை யார் இறுக்கறாங்க, எப்படி இறுக்கறாங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. ஏர் கன்னால அடிக்க விடாதீங்க, டார்க் ரெஞ்ச் (இறுக்கற விசையை அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு செய்யச் சொல்லுங்க. பெல்ட்டைப் பத்தி ஒரு ஆறுதல், இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. ஆனா ட்ராக் நடுவுல நிக்கும், அதனால வயசு தெரியாத பெல்ட்டோட போகாதீங்க.

ரெண்டாவது, இன்ஜின் தலையோட பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கும், அதுக்குள்ள ஒரே ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல ஆயில் கசிஞ்சிருந்தா பாதி மெக்கானிக் "ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்"னுடுவாங்க. அதுக்கு முன்னாடி இந்த ஓ-ரிங்கைப் பாருங்க. நான் என் வண்டில கழட்டினப்ப அது வட்டமா இருக்க வேண்டியது சதுரமா தட்டையாகி, கையில எடுத்து வளைச்சா வளையல் துண்டு மாதிரி டக்குனு உடைஞ்சது. புதுசு போட்டதும் கசிவு நின்னுடுச்சு. கசியற ஆயில் நேரா கீழ இருக்கிற ஹீட்டர் ஹோஸ் மேல சொட்டும், ரப்பர் ஊதி மெத்துன்னு ஆகிடும், அந்த ஹோஸையும் விரலால அமுக்கிப் பாத்து மாத்திடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி சென்சார் எந்த நிலையில உக்காந்திருக்குன்னு ஒரு கோடு போட்டுக்கணும், அதுலதான் இக்னிஷன் டைமிங் இருக்கு.

மார்ச் 23

சஸ்பென்ஷன். காயில்ஓவர் பத்தி கேட்டீங்க, அதுக்கு முன்னாடி புஷ் (ஆர்ம் மூட்டுல வர்ற ரப்பர்). நாலு பக்கமும் டபுள் விஷ்போன் (மேலயும் கீழயும் ஒவ்வொரு ஆர்ம் வச்ச அமைப்பு), ஒவ்வொரு ஆர்முக்கும் ரப்பர் புஷ், அது எல்லாமே வண்டி வயசு. ரப்பர் கிழிஞ்சிருக்கும்போது என்ன காயில்ஓவர் போட்டாலும் அலைன்மென்ட் நம்பர் மெஷின்ல இருக்கிறது ஒண்ணு, வளைவுல இருக்கிறது ஒண்ணு.

பாலியூரிதேன் போடலாம்னு சிலர் சொல்வாங்க. நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான், கெட்டியா இருக்கும், ஸ்டியரிங் கூர்மையா இருக்கும். ஆனா அதுக்கு கிரீஸ் வச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா கீச்சுன்னு கத்தும், இறுக்கிப் பிடிக்கும். இப்ப கேட்டா புது ரப்பர், கொஞ்சம் கெட்டி ரகம் கிடைச்சா அது, அப்படித்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கில தொங்கும்போது இறுக்கவே கூடாது. உள் குழலும் வெளிக் குழலும் ரப்பரோட ஒட்டியிருக்கு, ஆர்ம் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கிட்டுத்தான் ஆடும். தொங்கவிட்டு இறுக்கினா வண்டியை இறக்கினதுமே ரப்பர் முறுக்கின நிலையில நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சிடும். சக்கரம் தரையில நிக்கிற உயரத்துல வச்சு இறுக்கணும்.

இன்னொண்ணு. அலைன்மென்டுக்கு திருகற போல்ட் பழைய வண்டில புஷ் குழலோட துரு பிடிச்சு ஒண்ணாயிடும். முதல்லயே அது திரும்புதான்னு பாத்துக்கோங்க. இறுகிப்போயிருந்தா துரு ஆயில் அடிச்சு ஒரு வாரம் தினமும் ஊறவிடுங்க, அப்பவும் வரலன்னா அறுத்துத்தான் எடுக்கணும்.

மார்ச் 24

டயர். ஓரத்துல நாலு எழுத்து தேதி இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம். பட்டன் முழுசா இருக்கேன்னு பழைய டயர்ல போகாதீங்க. செமி ஸ்லிக் (ட்ராக்குக்குன்னு வர்ற அதிகப் பிடிப்பு டயர்) இப்ப வேண்டாம், நல்ல ரோடு டயர் போதும், அது நழுவறதுக்கு முன்னாடி கத்தும், எங்க எல்லை இருக்குன்னு காதுலயே கேக்கும். 

சேம்பர் (சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாயற கோணம்) முன்னாடி மைனஸ் 2 டிகிரி கிட்ட கிடைச்சா நல்லது, டோ (சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) பூஜ்யம், பின்னாடி லேசா டோ-இன். சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்னா, டயர் தோள்ல சாக்பீஸ்ல குறுக்கா கோடு போட்டுட்டு ஒரு செஷன் ஓட்டிட்டு வாங்க. கோடு எவ்வளவு தூரம் அழிஞ்சிருக்கோ அவ்வளவு தூரம் டயர் பக்கவாட்டுல மடங்கி உருண்டிருக்கு. பக்கச் சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, இல்ல சேம்பர் பத்தல. காத்து எவ்வளவுன்னு சூடா இருக்கும்போது பாக்கணும், காலைல பாத்த நம்பர் ஒரு செஷனுக்கு அப்புறம் எதுக்கும் உதவாது.

ஏப்ரல் 6, கேள்வி கேட்டவர்

போய்ட்டு வந்தேன். பிரேக் ஆயில், பேடு, ரேடியேட்டர், டயர் எல்லாம் புதுசு. சூடு கேஜ் நல்லா நின்னுச்சு. ஆனா ஒரு நீளமான வலது வளைவு முடிஞ்சு பிரேக் மிதிச்சா பெடல் பாதி தூரம் சும்மா போகுது. ஆயில் கொதிச்சிடுச்சா?

ஏப்ரல் 6

முதல்ல நானும் ஆயில்தான்னு நினைச்சேன். ஒண்ணு சொல்லுங்க, ரெண்டாவது தடவை டக்குனு மிதிச்சா பெடல் பழையபடி மேல வருதா? முதல் லேப்லயே, பிரேக் சூடாகறதுக்கு முன்னாடியே, அதே வளைவுல இப்படி ஆகுதா?

ஏப்ரல் 6, கேள்வி கேட்டவர்

ரெண்டுக்கும் ஆமா.

ஏப்ரல் 7

அப்ப ஆயில் இல்ல, இடது முன் வீல் பேரிங். வலது வளைவுல பாரம் எல்லாம் இடது முன் சக்கரத்துல. பேரிங்ல ஆட்டம் இருந்தா ஹப்போட டிஸ்க்கும் சாயும், சாஞ்சு பேடைத் தள்ளும், பேடு பிஸ்டனை உள்ள தள்ளிடும். அடுத்து மிதிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெடல் சும்மா போகுது. ரெண்டாவது மிதியில இடைவெளி இல்ல, அதனால மேல வருது. கொதிச்ச ஆயில் இப்படி வளைவு பாத்து வராது.

ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. இன்னொருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், அப்பவும் ஆடினா பால் ஜாயிண்ட். இதுல பேரிங் ஹப்போட சேர்ந்தே வரும், மொத்தமா மாத்தணும், நட்டை டார்க் ரெஞ்ச்ல இறுக்கி காடில தட்டி மடக்கி விடணும். பழைய நட்டைத் திரும்பப் போடாதீங்க.

பாருங்க, ரோட்ல இந்த பேரிங் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். நீங்க நல்ல டயர் போட்டீங்க, பிடிப்பு ஏறுச்சு, பாரம் அங்க போச்சு. ரோடு டயருக்கு பதிலா செமி ஸ்லிக் போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். ஒண்ணை பலமாக்கினா அடுத்த பலவீனம் எங்கன்னு வண்டியே காட்டுது, அதனாலதான் ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்கன்னு அடம்பிடிக்கிறேன். மூணு பார்ட் ஒரே நாள்ல மாத்தியிருந்தா இன்னைக்கு நாம எதைத் தேடியிருப்போம்?

ஏப்ரல் 13

ரோல் பார் (வண்டி உருண்டா தலையைக் காக்கிற கம்பி வளைவு) பத்தி ஒருத்தர் தனியா கேட்டிருக்கார், எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன். இது கூரை இல்லாத வண்டி. வண்டி உருண்டா முன் கண்ணாடி சட்டம் உங்க தலையைக் காப்பாத்தாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும். அழகுக்கு வர்ற மெல்லிசு வளையத்தை ரோல் பார்னு எண்ணாதீங்க, நல்லா போல்ட் பண்ணி, பின்பக்கம் தாங்கு கொடுத்த பார் வேணும். ஹெல்மெட் போட்டு உக்காந்துக்கிட்டு பார் உச்சில இருந்து முன் கண்ணாடி சட்டத்தோட உச்சிக்கு ஒரு நேர் கம்பு வைங்க, ஹெல்மெட் கம்புக்குக் கீழ, முட்டாம இருக்கணும். முட்டுதுன்னா சீட்டை இறக்குங்க. உயரமானவங்களுக்கு இந்த வண்டில அது பெரிய பாடு, சீட் ஃபோமை அறுத்து எடுத்தவங்களே உண்டு, நான் அதுல ஒருத்தன். தலைக்குப் பக்கத்துல வர்ற கம்பிக்கெல்லாம் கெட்டி பேடிங் சுத்தணும்.

ஹெல்மெட் ஸ்னெல்ல (ஹெல்மெட்டை சோதிச்சு சான்று தர்ற அமைப்பு) எஸ்ஏ ரகம் வாங்குங்க, எம் ரகம் பைக்குக்கு. எஸ்ஏ தான் தீயையும் கணக்குல எடுத்து சோதிச்சது.

ஏப்ரல் 20

பேரிங் மாத்தி பெடல் சரியாயிடுச்சுன்னு படிச்சேன், ரொம்ப சந்தோஷம். வீல் நட்டை ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் டார்க் ரெஞ்ச்ல பாத்துக்கோங்க.

திரும்பவும் டர்போ கேட்டிருக்கீங்க, இந்தத் தடவை நியாயமான கேள்விதான், அதனால வரிசையா சொல்றேன். 1.6ல வர்ற டிஃப்ரென்ஷியல் (பின் சக்கரம் ரெண்டுக்கும் பவரைப் பிரிச்சுத் தர்ற பெட்டி) சின்னது, பவரும் பிடிப்பும் சேர்ந்து ஏறினா அது தாங்காது, 1.8 வண்டியோட பெரிய டிஃப்ரென்ஷியல் முதல்ல வரணும், டார்சன் ரகம் (பிடிப்பு இருக்கிற சக்கரத்துக்கு அதிக பவர் அனுப்பற ரகம்) கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்கு அச்சும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்த்து எடுக்கணும். அப்புறம் 255 மில்லிமீட்டர் பிரேக், ஏன்னா ஸ்ட்ரெய்ட் முடிவுல வேகம் 160க்குப் பதிலா 180ன்னு ஆனாலே நான் மேல போட்ட கணக்குல சூடு மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறிடும். அப்புறம் அந்த ரீரூட், இப்ப நிஜமாவே தேவை, கூடவே ஆயில் கூலர். இது எல்லாம் மாட்டி, ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் ஓட்டிப் பாத்து, கேஜ் நம்பரை எழுதி வச்சுக்கோங்க. அந்த நம்பரோட வாங்க, எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட்னு (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) அப்ப பேசலாம்.